வெள்ளானூர் வீட்டில் தேக்குத் தரை

இழைப்புளி ஓட ஓட, கறுத்துக் கிடந்த பலகை தேன் நிறமாக மாறியது. கூடவே பழைய தேக்கின் எண்ணெய் வாசனை… புது வீட்டின் முன்னறை முழுக்கச் சுருள் சுருளாய் மரச்சீவல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடி பக்கம் வெள்ளானூரில் அந்த அறையில்தான் நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெறும் சிமெண்ட் தரை. தட்டித் தட்டிப் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி.

ஒரு அம்மா வந்து, "டீச்சர், ராவெல்லாம் கால் வலின்னு அழுவுது. இனிமே அனுப்பல, தப்பா நெனைக்காதீங்க" என்றார். அவர் மகளைத் தொடர்ந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள்.

மரத்தரை போட்டால் சரியாகும். ஆனால் புது மரம் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பூந்தமல்லியில் ஒரு பழைய மாடி வீட்டை இடிப்பதாகக் கேள்விப்பட்டு, மாடித் தரைப் பலகைகளை விறகு விலைக்குப் பேசி, டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, கரையானுக்கு விருந்து வெக்கிறியா?"

நானும் சேலையைச் செருகிக்கொண்டு ஆணி பிடுங்கினேன். கரையான் மருந்து அடித்தோம். அடிச்சட்டங்களுக்குத் தார் பூசினோம். ஞாயிறுதோறும் வேலை செய்து ஒருவழியாக முடித்தோம்.

ஐப்பசி மழை வந்தது… பலகைகள் ஊதி, நடு அறையில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றன! சுவரோடு நெருக்கி அடித்துவிட்டிருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? மரம் எங்கியும் போவலியே. கயட்டிட்டு மறுபடி போடலாம்" என்றார் அவர்.

கழற்றினோம். நன்றாகக் காயவிட்டு, நாலு பக்கமும் விரல் அகலம் இடம் விட்டுத் திரும்ப அடித்தோம்.

முதலில் வகுப்பிலிருந்து நின்ற பெண்ணின் வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். கூடவே வந்த அந்த அம்மா, மகள் ஆடி முடிக்கும்வரை எங்கள் வாசலிலேயே நின்றார்.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா… தரையே கால தூக்கி வுடுது!"

அடுத்தடுத்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். புதிதாகவும் சேர்ந்தார்கள்.

இப்போதெல்லாம் மரம் மாதிரியே இருக்கும் பலகையை ஒரே நாளில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தரை எங்கள் கையால் போட்டது!

போன மாதம் பழைய மரம் வாங்குபவர் ஒருவர் வந்து, இந்தத் தரைக்கு நல்ல விலை தருவதாகச் சொன்னார். என் கணவர் கதவை நன்றாகத் திறந்துவிட்டார்.

"உள்ள பொண்ணுங்க ஆடிக்கினு கீதுங்க. அதுங்கள எங்க எறக்கி வுடுறது, நீயே சொல்லு."

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாய் உட்கார்ந்து, வகுப்பு முடிந்த பிறகுதான் எழுந்து போனார்.