எனக்கு முன்னால் பார்த்தவர்

செய்தி காலையில் வந்தது. அவருடைய பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில், "மேடம், அறிவழகன் சார் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். நல்ல மனுஷியாக இருந்தால் எனக்கும் உடனே அழுகை வந்திருக்கும். எனக்கோ 'இதிலும் முந்திக்கொண்டாரா' என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகு வந்தது, நிறையவே வந்தது.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லதாகத்தான் வரும், வேறு விதமாக எழுத அவர் எனக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அது அவருக்கும் தெரியும், அவரிடம் படித்த உங்களுக்கும் தெரியும். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு விஷயத்தையாவது அவருக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே வேலை செய்தேன். மற்ற காரணங்களையெல்லாம் ஆய்வுக்குப் பணம் கேட்ட விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன்.

தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் சேர்ந்தோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது நேராக நீண்டு கிடப்பதில்லை, மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் கொள்கிறது. அப்படி மடங்கியபின் எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எது எதைத் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். அணுக்கள் இருக்கும் இடங்கள் வெளிநாட்டிலிருந்து காந்த நாடாவில் வரும். கம்ப்யூட்டர் திருச்சியில் இருந்தது. எங்கள் கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு அழைப்பதற்குள் நான் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். அத்தா, என் தகப்பனார், அந்த நிபந்தனையோடுதான் என்னைப் படிக்கவே அனுப்பினார். அறிவழகன் அங்கேயே தங்கி, ஆபரேட்டர்களோடு டீ குடித்து, என் அட்டைகளுக்கும் சேர்த்து விடை வாங்கி வருவார். உதவிதான். ஆனால் என் விடையை எனக்கு முன்னால் அவர் பார்த்துவிடுவாரே! அந்த நினைப்பிலேயே எனக்கு வயிறு எரியும். காலையில் காகிதக் கற்றையை நீட்டும்போது நன்றி சொல்லக்கூட வாய் வராது.

என் வீடு முத்துப்பேட்டை. திங்கட்கிழமைகளில் நான் வரும் பஸ்ஸில் அவர் திருத்துறைப்பூண்டியில் ஏறுவார். ஒரு முறை மன்னார்குடிக்கு முன்னால் மறியல். அறுவடைக் கூலி பேசி முடியவில்லை. கதிர் முற்றி வயலில் நின்றது, ஆட்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய அப்பா கூலிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். இவர் இறங்கியதும் ஒரு பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"மாரிமுத்து மவன்தானே நீ? எங்க போற?"

"தஞ்சாவூருக்கு, வேலைக்கு மாமா."

"என்ன வேல?"

"எது எதத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு பாக்கற வேல."

பெரியவர் சாலையே அதிரச் சிரித்தார். "அதத்தானடா பரம்பர பரம்பரயா பாத்துப் பாத்து நம்மள ஒதுக்கி வச்சிருந்தானுவ! நீ நல்லா பாருடா!"

மறியலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் ஜன்னலோரம் அட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அத்தாவுக்கு ஐந்து வருஷம் விளக்கியும் அவர் கடைக்கு வருகிறவர்களிடம் "பொண்ணு மருந்துக்குப் படிக்குது" என்றுதான் சொல்வார். இந்த மனிதருக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்கு வழி விட்டார்கள்.

அவர் ஊருக்கு மேடையில் பேச வந்த ஒருவர், கூட்டத்தின் நடுவில் குழந்தையை வாங்கி வைத்த பெயர் அறிவழகன். "அறிவு மட்டும் போதாதா? அழகையும் சேர்த்து வாங்கிக்கிட்டீங்களே" என்று ஒரு நாள் கடுப்பில் கேட்டேன். "மைக்குல வச்ச பேருங்க, கழிச்சுக் கேக்க முடியுமா?" என்றார். அவரிடம் சண்டையை ஆரம்பிப்பது எளிது, நடத்திக்கொண்டு போவது கஷ்டம்.

ஆய்வுக்கூடத்தில் முதல் கருத்தரங்கு. சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவை தொட்டுக்கொள்வதை ஏன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நான் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதி விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்து அவர் எழுந்தார். "வாய்க்கால் வளைஞ்சு போற ஊர்ல தலைமடைக்காரன் வயலும் கடைமடைக்காரன் வயலும் முதுகோட முதுகு ஒட்டிக் கிடக்கும். வாய்க்கால் வழியா நடந்தா ரெண்டுக்கும் நடுவுல ஊரே இருக்கு. ஆனா வெட்டுக்குத்து அவங்களுக்குள்ளதான். அந்த மாதிரித் தொடர்ப மட்டும் எடுங்க, புரதத்தோட மடிப்பு தெரிஞ்சுடும்." கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன், கை வலிக்கிற அளவுக்கு. என் சமன்பாடும் அதையேதான் சொன்னது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. அந்த ஃபினைல் அலனினை மட்டும் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்போது நான் ஒரு நொதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு புரதம்தான். ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குத் தண்ணீர் ஆகாது. பொதுவாகப் புரதத்தின் உள்ளேதான் ஒளிந்திருக்கும். இதில் ஒன்று வெளியே, தண்ணீருக்குள், யாரையும் தொடாமல் தனியாக நின்றது. அளவெடுத்ததில் பிழை என்று எழுதி விட்டுவிடப் போனேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து அறிவழகன் பார்த்தார்.

"சபியா, அது சும்மா நிக்கலங்க. யாருக்காகவோ நிக்குது."

"யாருக்காக? சுத்தி ஒண்ணுமே இல்லையே."

"எங்கப்பா ஒரு தடவ ஒத்த ஆளா வரப்புல நின்னாரு. வெளியூர் ஆள வச்சு அறுக்க வந்தவங்க, ஊர்ல இவன் ஒருத்தன்தான் எதிர்க்கறான்னு நெனச்சு இறங்குனாங்க. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊர் சனம் மொத்தமும் அவருக்குத் துணையா உக்காந்திருந்துச்சு. வேற கிராமம், அதனால அவங்க கணக்குல வரல. உங்க நாடாவுலயும் எல்லைக்கல்லு எங்கயோ இருக்கும். தேடுங்க."

தேடவே தேவையிருக்கவில்லை. அந்த நொதி இரட்டையாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். நாடாவில் இரண்டில் ஒன்றை மட்டுமே தருவார்கள். மற்றதும் அதே உருவம்தான், தந்ததைக் கணக்கில் சுழற்றி நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சுழற்றிப் பார்த்தோம். ஒன்றின் ஃபினைல் அலனின் மற்றதன் குழிக்குள் அச்சாகப் போய் உட்கார்ந்தது. அந்த ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருந்ததே அந்தத் தொடுகைதான். எனக்குத் தெரிந்த விஷயத்தை எனக்கு முன்னால் அவர் பார்த்தார். வரப்பில் நின்ற அப்பா ஒருவர் அவருக்கு இருந்தார். எனக்குத் துணிக்கடையில் கஜக்கோல் பிடித்த அத்தா. அன்றைக்கு அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

சரி, கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்வார், நாமும் மனசாரத் திட்டலாம் என்று காத்திருந்தேன். அந்த மனிதர் என் பெயரை முதலில் போட்டார். "புரதம் உங்களோடதுங்க. நான் பாத்தது மட்டுந்தானே" என்றார். பார்த்தது மட்டும்தானாம்! அப்படியும் கூடத்தில் எல்லாரும் அதை அறிவழகன் ஜோடி என்றே சொன்னார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள்.

ஆட்சிகள் மாறின. அவர் அப்பாவுக்குக் குடிமனைப் பட்டா கிடைத்தது. திருச்சிக்குப் போகாமல் மேஜை மேலேயே கம்ப்யூட்டர் வந்தது. நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றோம். அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை, அதனால் நானும் விடவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது மருத்துவமனையில். பாதி உடம்பாக இருந்தார். நான் உட்காருவதற்குள் கேட்டார்: "புதுசா என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்லைங்க."

பாதி பார்த்திருந்தேன். சொன்னால் மீதியைப் படுக்கையில் இருந்தபடியே அவர் பார்த்துவிடுவார் என்று சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பொய் சொல்றீங்க. சரி, முழுசா முடிச்சுட்டு வந்து சொல்லுங்க. இருக்கேன்."

இருக்கவில்லை. அவர் சொல் தவறி நான் பார்த்தது இது ஒன்றுதான்.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது பட்டா மனையில் கட்டிய அந்தச் சின்ன வீட்டின் வாசலில் நிற்க இடமில்லை. எல்லாக் கட்சிக் கொடிக்காரர்களும் இருந்தார்கள். நெருங்கிய நண்பர் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; எனக்கு அங்கேயும் பொறுக்கவில்லை. உள்ளே ஒரு பெண்மணி, "இவங்க யாரு?" என்று அவர் மனைவி மலர்க்கொடியிடம் கேட்டார். கூட வேலை பார்த்தவர் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.

மலர்க்கொடி அழுகையை நிறுத்திவிட்டு, "இவங்கதான் அவருக்குப் போட்டி" என்றார். பிறகு உறவுப் பெண்களை நகரச் சொல்லி, "இப்படி முன்னாடி வாங்க" என்று என் கையைப் பிடித்து அவர் தலைமாட்டில் உட்கார வைத்தார்.

நண்பர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஊர் முழுக்க ஆள் உண்டு. அவர் சொற்களையும் கைதட்டலையும் நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். போட்டி நான் ஒருத்திதான். அந்த இடத்தை நான் வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் தருவதாக இல்லை.

மீதியை முடித்துவிட்டேன். மூன்று விதமாகச் சோதித்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது. இதற்கு முன்னால் இதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு முன்னால் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் இல்லாதபோது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.