அண்ணன் கையில் இருப்பது பால் வெட்டும் கத்தி

"ஏம்மா, அட்டைக்கு வேற படமே கெடைக்கலையா?" என்று எங்கள் மாமாவே கேட்டுவிட்டார். கிடைத்தது. கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்ட படம் அலமாரியில் இருக்கிறது. ஆனாலும் அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் இந்தப் படம்தான் வர வேண்டும் என்று தங்கை நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அண்ணன் தாப்பா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தவறியதும் பதினைந்து வயதில் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டப் போய், எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது பந்து ஒன்றுதான். எழுபதுகளில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கு அவரே தலைவர். ஈப்போ போட்டியில் முதன்முறையாக இடம் கிடைத்தபோது நாங்கள் குடியிருந்த லயமே குதூகலித்தது.

ஆட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பால் நிறுத்துக் கொடுத்த கையோடு லோரி ஏறினார்கள். கத்தியை விட்டுவிட்டு எவரும் போக மாட்டார்கள். தானே தீட்டிக் கைக்குப் பழக்கிய கத்தி அல்லவா! திடலோரம் குழு வரிசையாக நிற்க, அண்ணன் அதை இடுப்பிலிருந்து அவிழ்த்தபோது யாரோ படமெடுத்தார்கள்; அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். மறுநாள் பட்டணத்துப் பத்திரிகையில், "கத்தியுடன் வந்த தோட்டத்துக் குண்டர்கள்" என்று வந்தது. இரண்டு கோல் போட்டு வென்றதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த வாரமே குழுவை நீக்கிவிட்டார்கள்.

அண்ணன் விடவில்லை. கத்தியை அதே பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினார்.

"மச்சான், கத்தியோட போனா போலீச கூப்பிடுவாங்க லா!" என்று பதறினார் கோல் காவலர்.

"கூப்பிடட்டும். அவங்களும் பாக்கட்டும்."

கோல் காவலரும் கூடவே போனார். போட்டி அதிகாரியின் மேசையில் அண்ணன் தாளைப் பிரித்தார். "நல்லா பாருங்க சார். இது மரப்பட்டைய சீவுற கத்தி. இதுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது."

"எனக்குத் தெரியாதா தம்பி? பேப்பர்ல வந்துருச்சே, நான் என்ன பண்ண?"

தெரிந்துகொண்டே சொன்ன பதில்!

குழுவைக் கடைசிவரை சேர்க்கவில்லை. அண்ணன் தோட்டங்களுக்கிடையே தாமே போட்டி நடத்தினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் கத்திகளைத் திடலோரம் எல்லாரும் பார்க்க வரிசையாக வைக்கச் சொல்வார். "ஒளிச்சு வைக்க இதென்ன திருட்டுப் பொருளா?" என்பார். தோட்டம் விற்கப்பட்டு, ஈப்போவில் லோரி ஓட்டிய காலத்திலும் அந்தக் கத்தி வீட்டுச் சுவரில் தொங்கியது.

நெஞ்சுவலியோடு படுத்திருந்த கடைசி நாட்களில்தான் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்: "படத்த போட்டானுங்க, எங்க பேர போடல பாத்தியா, தங்கச்சி."

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த அவர் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரை மூடியதும் அட்டையை மறுபடி பாருங்கள். படத்தின் கீழே பதினொரு பேரின் பெயர்களும் இடமிருந்து வலமாக இருக்கின்றன. சத்தமாகப் படியுங்கள்.