நிஸாம் நானாவின் திரும்பி வராத யோயோ

அலுவலக வாட்ஸப் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேக் படம், ஒரு பூங்கொத்து, அதற்குக் கீழே ஒரு வரி: நம் பழைய சாரதி நிஸாம் நானா காலமானார், இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். அதற்கும் கீழே இன்னொரு கேக். நான் அப்போது எல்கடுவயில் ஒரு மிளகுத் தோட்டத்தில் நின்றிருந்தேன். பகல் இரண்டு மணி இருக்கும்.

புதுச் சாரதி சமன், கெப் வண்டியில் மிளகுக் கன்றுகளைக் கீழ்ப் பிரிவில் இறக்கப் போயிருந்தார். போன் எடுத்தேன். "பத்து நிமிஷம் மிஸ், இந்தா வாறேன்" என்றார். என்னைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பத்து நிமிடம் ஓரிடத்தில் நிற்பது எனக்கு ஆகாத காரியம். எதிரில் வந்த த்ரீவீலரை மறித்து ஏறினேன். பாதி மலை இறங்குவதற்குள் அதன் டயர் போனது. மாற்று டயரிலும் காற்றில்லை, போனுக்கு சிக்னலும் இல்லை. சமன் என்னைத் தோட்டமெல்லாம் தேடிவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து அந்த வளைவில் வந்து ஏற்றிக்கொண்டார். மாத்தளையில் நானாவின் வீட்டு ஒழுங்கைக்குள் நுழைந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு வருடம் எனக்காகக் காத்திருந்த மனிதர் அவர். அவருக்காகப் பத்து நிமிடம் காத்திருக்க முடியாமல், கடைசியாக முகம் பார்ப்பதைக் கோட்டைவிட்டேன். என்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் அலுவலக நண்பர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

மிளகு, கறுவா, கொக்கோத் தோட்டங்களைப் பார்வையிடுவது என் வேலை. அழைத்துப் போய், நான் வரும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. ஒருநாள் நாலந்தாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வெளியே வருகிறேன், கெப்பின் நிழலில் நின்று மனிதர் யோயோ விளையாடிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த தாடி, கையில் விளக்கு மின்னும் பச்சை பிளாஸ்டிக் யோயோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன நானா, டியூட்டியில விளையாட்டா?" என்றேன்.

"நீங்க உள்ளுக்குப் போய் ஒன்றரை மணித்தியாலம் மிஸ். நான் தூங்கினா ஏசுவீங்க. சிகரட் பத்தினா மூக்கப் பொத்துவீங்க. இதுல என்ன கொற ஈக்கி?"

கெப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்புறம் அவரே கதையைச் சொன்னார். நெஞ்சுவலி வந்து, சிகரட்டை விடும்படி டொக்டர் கண்டித்திருக்கிறார். அந்தச் சமயத்தில் முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாக் கடையில் பேத்திக்கு வாங்கிய யோயோ அது. பேத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டாள். இவரால்தான் கீழே வைக்க முடியவில்லை. "வாய்க்கு ஈந்த வேல போயிட்டு மிஸ். கைக்காவது ஒண்டு வேணுமே" என்பார்.

பிறகு அவருடைய மருமகன் கட்டாரிலிருந்து ஓர் அலுமினிய யோயோ கொண்டுவந்து கொடுத்தார். எறிந்தால் அது கீழே போய் அழகாகச் சுற்றியது. ஆனால் திரும்பி வரவில்லை. இழுத்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார், அது நூலின் நுனியில் சுற்றிக்கொண்டே கிடந்தது. சாரதி மூளை என்ன செய்யும்? கழற்றி, நடுவிலிருந்த பெயாரிங்கைப் பெட்ரோலில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினார். அது முன்னைவிட நெடுநேரம் சுற்றியது, வருவதாக மட்டும் இல்லை. பாவம், மருமகனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு மாதம் கவலைப்பட்டார். கடைசியில் ஒரு வீடியோவைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அந்த வகை யோயோ அப்படித்தான் என்று. சுற்றிக்கொண்டிருக்கும்போதே மற்றக் கை விரலால் நூலை மடித்து, இரண்டு தட்டுகளுக்கும் இடையில் கொடுக்க வேண்டும். மடிப்பைக் கவ்வியதும் விர்ரென்று கைக்கு ஏறிவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் 'கூப்பிடுறது'. இரண்டு நாள் தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

என் கைக்கு யோயோ வந்தது எல்கடுவ வீதியில். மரம் விழுந்து பாதை அடைபட்டு நான்கு மணித்தியாலம் நின்றோம். அன்று கண்டியில் என் அம்மாவுக்கு ஒபரேஷன். போன் வேலை செய்யவில்லை. நான் கெப்புக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நானா பச்சை யோயோவை நீட்டினார்.

"நீங்க நடக்கிறதால அம்மாட ஒபரேஷன் சுருக்கா முடியாது மிஸ். இதப் புடிங்க."

எறிந்தேன். முட்டியில் அடித்தது. மறுபடி எறிந்தேன். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னாங்க மிஸ், ரோட்டுல நின்னு பம்பரம் விடுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைதான். "நீங்க விட்டுப் பாருங்கக்கா, தெரியும்" என்று அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு முதல் தடவையே வந்துவிட்டது! பாதை திறந்து மாத்தளைக்கு வந்தபோது, அம்மா நலம் என்று தம்பி அனுப்பிய செய்தி போனில் காத்திருந்தது.

அதன்பின் எனக்கும் பைத்தியம் பிடித்தது. பச்சை யோயோ ஒரு வாரத்தில் பழகியது. அலுமினியம்தான் பழகவில்லை. நூலை மடிக்க நான் அவசரப்படுவேன், அது சிக்கிக்கொள்ளும். "எறிங்க. நாலு எண்ணுங்க. பொறகு கூப்பிடுங்க" என்பார் நானா. எனக்கு இரண்டிலேயே விரல் போய்விடும்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் நாம் வைத்த தேநீர் விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். போகும்போது என்னிடம் சொன்னார்: "வூட்டுக்கு ஒரு நாளைக்கு வாங்க மிஸ். கூப்பிட்டுக் காட்டுங்க." அதேமாதிரி அலுமினிய யோயோ ஒன்றை வாங்கி வீட்டில் பழகினேன். நன்றாக வந்த பிறகு போகலாம் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். வாழ்நாளில் நான் பொறுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அதில் பொறுத்திருக்கக் கூடாது.

நல்லடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, நானாவின் மனைவி ஸித்தி ராத்தாவைப் பார்க்கப் போனேன். கணவரை இழந்தபின் இருக்கும் இத்தாவில் இருப்பதால் அவர் வெளியே வருவதில்லை, உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். மகள் ஸஹ்ரா தேநீர் வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து அந்த அலுமினிய யோயோவை எடுத்து வந்தாள்.

"வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு இது மேல வருதில்ல மிஸ். அவர்ட கையில நல்லா வந்திச்சு. எங்கட வூட்டுக்காரர் கழட்டி எண்ணெயும் போட்டுப் பார்த்தார். அவரோட இதுவும் போயிட்டுதுன்னு உம்மா அழுறா."

ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். வாயால் விளக்கினால் போதாது என்று தெரிந்தது. எழுந்து நூலை விரலில் மாட்டினேன்.

முதல் எறி வலுவில்லாமல் செத்துப்போனது. இரண்டாவதில் வழக்கம்போல் அவசரப்பட்டேன், நூல் சிக்கியது. ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிக்கெடுத்து, சுற்றி, மறுபடி எறிந்தேன். ஒன்று. இரண்டு. மூன்றில் விரல் துடித்தது, பிடித்து வைத்தேன். நாலு. மடித்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் சுள்ளென்று வந்து அடித்தது.

"அப்ப இது பழுதில்லையா?" என்றார் ராத்தா.

"இல்ல ராத்தா. இது தானா வராது. நாமதான் கூப்பிடணும்."

"இன்னொருக்கா கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு ஸஹ்ராவின் விரலில் நூலை மாட்டிவிட்டு, அவளோடு சேர்ந்து நானும் எண்ணினேன்.

யோயோவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அது அந்த வீட்டுச் சொத்து. நிஸாம் நானாவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த நாலு எண்ணிக்கைதான். ஒழுங்கை முனையில் கெப் பூட்டிக் கிடந்தது, சமனைக் காணவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். திரும்ப வைத்தேன். நானா எப்போதும் நிற்பதுபோல், கெப்பின் நிழலில் நின்று நாலு எண்ணினேன். சமன் வரவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.