பாவு நீட்டினால்தான் வழி

எங்கள் தெருவுக்கு நகராட்சி நடைபாதை போட்டபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். சாக்கடைமேல் சிலாப் மூடி, சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்து, பார்க்க லட்சணமாக இருந்தது. சிமெண்ட் காயும்வரை எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். காய்ந்ததும் வண்டிகளை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அன்றிலிருந்து வண்டிகள் நடைபாதையில், மனிதர்கள் நடுரோட்டில்.

இடுப்பு எலும்பு முறியும்வரை எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆள் ஒடுங்கிப் போக இடம் இருந்தால் போதும், புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, வேலூரில் ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு வீடு திரும்பியபிறகுதான் புரிந்தது. வாக்கர் ஒடுங்காது. நாலு காலையும் அகட்டிக்கொண்டுதான் நிற்கும். என் வாசல்படிக்கு நேரே எதிர்வீட்டுக்காரரின் கார் நின்றது. அவர் வீட்டு போர்ட்டிகோவில் பழைய கட்டிலும் ஓடாத வாஷிங் மெஷினும் இருந்ததால் காருக்கு அங்கே இடமில்லையாம். காரை ஒட்டிப் பக்கத்து வீட்டு பைக்குகள். படியிறங்கினால் கார் கதவில்தான் முட்ட வேண்டும்.

எனக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. பின் தெருவில் இருக்கிற அக்காவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். மாமாவின் முகத்தை மகன் செல்போனில் காட்டினான். அதைத் துக்கத்துக்குப் போனதாக யாராவது ஒத்துக்கொள்வார்களா? நேரே போய் அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். எங்கள் வீடுகளில் புருஷன் போனவள் வருஷம் திரும்பும்வரை வாசல்படி தாண்ட மாட்டாள். அவளால் வர முடியாது, என்னால் போக முடியாது. போனில் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டு, அழ வேண்டியதை அழாமலே வைத்துவிடுவோம்.

காரில் கூட்டிப் போகிறேன் என்றான் மகன். தாழ்ந்த சீட்டில் இடுப்பை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போகலாம் என்றான். துக்க வீட்டுக்கு நானும் நாலு பேர் தூக்கியா போவேன்? வாயைக் கழுவுடா என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் பேஜார். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசையாவது ஆற்றிக்கொள்ளலாம். “வெளிய போணும்னா ஒரு போன் அடிங்கம்மா, ஜல்தியா எடுத்துடறேன்” என்பார். அடித்தால் களம்பூர் ரைஸ் மில்லில் இருப்பார், கார் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கும். ஒருநாள் அவரும் வீட்டில் இருந்து, காரும் நகர்ந்தது. பைக்கை எடுக்க வேண்டியவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள், கார் போன இடத்தில் தண்ணீர் கேன் வண்டி வந்து நின்றது. கவுன்சிலரிடமும் சொன்னோம். வந்தார், பார்த்தார், ரொம்ப வருத்தப்பட்டார். அவர் பைக்கும் நடைபாதை மேலேதான் நின்றது.

ஜன்னலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காரின் கூரைதான். பூனை ஒன்று அதன்மேல் படுத்து வெயில் காயும். நினைத்தபோது இறங்கும், நினைத்தபோது ஏறும். அதைப் பார்த்தே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்த வீடு, திறந்த கதவு, ஆனாலும் மூச்சு முட்டியது. சாம்பாரில் உப்பு குறைந்தாலும் மகன்மேல் எரிந்து விழுந்தேன். அவனும் ஒரு பழைய கார் வைத்திருந்தான். எங்கள் வாசலில்தான் இடமில்லையே, தெருக்கோடியில் எங்கேயோ நிறுத்தி வந்தான். எங்கே என்று நான் கேட்டதில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம், கோடிவீட்டு நெசவுக்காரர் மூங்கில் கட்டைகளைக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினார். மறுநாள் பாவு நீட்டப் போகிறார் என்று அர்த்தம். பட்டுச்சேலையின் நீள இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சீர்செய்வார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். கட்டையைப் பார்த்தாலே போதும், விடிவதற்குள் ஒரு சைக்கிள்கூடத் தெருவில் இருக்காது. ஹேண்டில்பாரில் இழை மாட்டினால் சேலையே பாழ் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நூலுக்கு இருக்கிற மரியாதை என் காலுக்கு இல்லையே என்று வயிறு எரிந்தது. எரிந்தால் என்ன, வழி கிடைக்கிறதே. மறுநாள் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, துக்கம் கேட்கப் போகலாம். காலையில் வருகிறேன் என்று அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. மகனிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் தனியாகப் போகக்கூடாது என்பான்.

காலையில் நான் எழுவதற்கு முன்பே அவன் வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். கதவைத் திறந்தேன். நடைபாதை வெறுமனே கிடந்தது. நடுத்தெருவில் அரக்கு நிறத்தில் பாவு நீண்டிருக்க, இருபக்கமும் ஆட்கள் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் போங்கம்மா, வெயில் ஏறும்வரை இருப்போம் என்றாள் நெசவுக்காரரின் மனைவி. வாக்கரை நகர்த்தி, காலை வைத்து, மறுபடி வாக்கரை நகர்த்தி, யாரையும் கேட்காமல் நடந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கம் கேட்கப் போகிறவள் சிரிக்கலாமா என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

பின் தெருவுக்குத் திரும்பியதும் நின்றுவிட்டேன். எங்கள் தெரு வண்டிகள் அத்தனையும் அங்கே இருந்தன. எதிர்வீட்டுக்காரரின் கார், பக்கத்து வீட்டு பைக்குகள், எல்லாம் நடைபாதைமேல் ஒட்டி ஒட்டி நின்றன. ரோட்டில் இறங்கி, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, எப்படியோ அக்கா வீடுவரை போய்ச் சேர்ந்தேன். அவள் வாசல்படியை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். படிக்கும் காருக்கும் நடுவில் கை நுழையும், வாக்கர் நுழையாது.

அக்கா நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். பொட்டில்லாத அந்த நெற்றியை அன்றுதான் நேரில் பார்த்தேன். கையை நீட்டினாள். நானும் பானெட்மேல் சாய்ந்து கையை நீட்டினேன். எட்டவில்லை. சாய்ந்த வேகத்தில் காரின் அலாரம் அலற ஆரம்பித்தது. நாங்கள் அழ வேண்டியதை அது அழுதது.

தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தலை நீண்டது. “யாரு வண்டிடி இது? எடுக்கச் சொல்லேன்” என்றாள் அக்கா.

காருக்குள்ளே கண்ணாடியில் கறுப்புக் கயிறு தொங்கியது. படவேட்டுக் கோயிலில் நானே வாங்கிவந்து, கண் படாமல் இருக்கக் கட்டச் சொன்னது.

“நம்ம வண்டிதான்க்கா.”

மகனுக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தான், சாவி அவனிடம் இருந்தது. பாவுக்காக ராத்திரி தெருக்கோடியிலிருந்து எடுத்தவன், பெரியம்மா வீடுதானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்று இங்கே நிறுத்தினானாம்.

அக்கா நிலைப்படியைக் குனிந்து பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்கவில்லை. அலாரம் ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“வெயில் ஏறிகினு வருது. பாவு சுருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேருடி.”

நான் வந்தபோது கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அதற்குள் காரைக் கொண்டுவந்து, என் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். அவசரமில்லம்மா, மெதுவா ஏறுங்க என்று கையைக் காட்டினார். நான் படியேறி உள்ளே போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, காரை வாசலில் ஏற்றி நிறுத்தினார்.