சியாசி சொன்ன மூன்று ஆமாம்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. ஹீட்டர் பழுதான எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சியாசி கோட்டைக்கூடக் கழற்றுவதில்லை. நேராகப் போய் எண்ணெய் ஹீட்டர் இருக்கும் அறைக் கதவில் காதை வைக்கிறார். “இருமுது. நாசில்ல கரி” என்கிறார். பின்னால் வரும் தெற்கத்தி மெக்கானிக் திறந்து பார்த்தால் எண்ணெய் பீய்ச்சும் நாசிலில் கரிதான் இருக்கும்.

சியாசி அக்காவுக்கு வயது முப்பத்தாறு. கருவிப் பெட்டியில் ஸ்பானர்களுக்கு நடுவே, துணியில் சுற்றிய உறைந்த பச்சை மீன் ஒரு துண்டு. “டீசல் வாசனை பட்டாதான் ருசி” என்பார். நாங்கள் யாரும் கேட்டு வாங்கித் தின்றதில்லை.

எங்கள் ஊரில் ஹீட்டர் நின்றால் மெக்கானிக் தெற்கிலிருந்து விமானத்தில் வரவேண்டும். புயல் பிடித்தால் ஐந்து நாள். அதுவரை ஒரே வீட்டில் மூன்று குடும்பம். இரண்டு வருடப் பயிற்சி முடித்தும், சான்றிதழ் இல்லாமல் சியாசி தனியாக ஒரு திருகைத் தொடமுடியாது. தேர்வில் தவறினால் இன்னும் ஒரு குளிர்காலம் இப்படியே.

தேர்வு போன வியாழன். தெற்கிலிருந்து வந்த தேர்வாளர் படிவத்திலிருந்து தலை நிமிரவே இல்லை.

“எண்ணெய் வால்வு மூடியாச்சா?”

சத்தமில்லை.

“கரண்ட் நிறுத்தியாச்சா? புகைக்குழாய்ல பனி அடைச்சிருக்கான்னு பாத்தாச்சா?”

மூன்று கட்டத்திலும் பெருக்கல் குறி. “பாதுகாப்புக் கேள்வி ஒண்ணுக்கும் பதில் வரல. ஃபெயில்.”

கூடப் படித்த அலுபா வெடித்துச் சிரித்தான். “என்ன சார், அக்கா மூணு தடவ ஆமான்னுட்டாங்க. நீங்க பேப்பரோட பேசிக்கிட்டிருந்தீங்க!”

“எப்போ சொன்னாங்க?”

“புருவத்தத் தூக்கினாங்கல்ல? இங்க ஆமான்னா அதான். மூக்கச் சுருக்கினா இல்லன்னு.”

தேர்வாளரின் காது சிவந்தது. “வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேம்மா?”

“கேக்கறவரு மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்ல?” என்றார் சியாசி.

தேர்வாளர் மறுபடி கேட்டார், இம்முறை முகத்தைப் பார்த்து. மூன்று முறை புருவம் உயர்ந்தது. பிறகு சியாசி நாசிலை மாற்றி, வால்வைத் திறந்து, சுவிட்சைப் போட்டார். பர்னர் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. இருமல் இல்லை.

தேர்வாளர் பெருக்கல் குறிகளை அடித்துவிட்டுப் பேனாவை நிறுத்திக் கேட்டார்: “இனிமே தனியாப் போகணும். பயமா இருக்கா?”

சியாசி மூக்கைச் சுருக்கினார்.

கையெழுத்து விழுந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து எங்கள் ஊரின் நூற்றுப் பன்னிரண்டு ஹீட்டர்களும் அவர் பொறுப்பு.