நாற்பத்தோரு பக்கங்களில் ஒரு பெட்டி

அலுவலகத்தில் அவளைப் 'பெட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். நகராட்சியின் இணையப் பக்கங்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன உறுப்புகளைச் செய்வது அவள் வேலை. பெயர் எழுதும் பெட்டி, தேதி எடுக்கும் பெட்டி, அழுத்தும் பொத்தான். ஒன்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டால் போதும். நூலகம், குடிநீர், பூங்கா என்று எந்தப் பக்கம் கட்டுகிறவரும் அதையே எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். தன் கைவேலை ஊர் முழுக்க இருப்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. வீட்டில் சொன்னதில்லை.

வீட்டில் கணவனும் மாமியாரும். மாமனார் போன பிறகு மாமியார் இவர்களோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. சாவி எங்கே, பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியார் கணினி முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நகராட்சி குளத்துல நீச்சல் கத்துக்கலாம்னு பேர் பதியப் பாத்தேன். ஆறு தடவை போட்டாச்சு. தவறு, தவறுன்னே சொல்லுது. அறுபத்துமூணு வயசுல உனக்கென்ன நீச்சல்னு கேக்குது போல."

அவள் குனிந்து பார்த்தாள். வளைந்த மூலைகள், சிவப்புக் கோடு. அவளுடைய பெட்டியேதான். மாமியார் தன் தொலைபேசி எண்ணை வாயால் சொல்கிற மாதிரியே இடைவெளி விட்டு அடித்திருந்தார். இடைவெளி வந்தால் பெட்டி ஏற்காது, காரணமும் சொல்லாது. எத்தனை பேர் இப்படி எழுந்து போயிருப்பார்களோ என்று நினைத்தபடி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு உங்க மேல இல்ல அத்தை. இந்தப் பெட்டியைச் செஞ்சதே நான்தான். நாப்பத்தோரு பக்கத்துல இருக்கு."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்வாங்க. நீ ஒரே போடுல நாப்பத்தோரு குடத்தை உடைச்சிருக்கியே!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்ப நானே பதிஞ்சு தந்துடறேன்."

"வேணாம். நீ அதைச் சரி பண்ணு. நானே போட்டுக்கறேன்."

திங்கட்கிழமை மேலாளர் தயங்கினார். "ஒண்ணைத் தொட்டா நாப்பத்தொண்ணும் ஆடும், பாத்துக்கம்மா."

பார்த்துக்கொண்டாள். இனி இடைவெளியைப் பெட்டி தானே நீக்கிக்கொள்ளும். எண் குறைந்தால் மட்டும், 'ஓர் இலக்கம் குறைகிறது போலிருக்கிறது, ஒருமுறை பாருங்கள்' என்று சொல்லும். அந்த வாக்கியத்தை மாமியாருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

"பாருங்கள்னு மரியாதையா கேக்குதே. இருக்கட்டும்" என்றார்.

நாற்பத்தோரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தாள். நூலகப் பக்கத்தில் மட்டும் நீளமான வாக்கியம் பொத்தானைக் கீழே தள்ளிவிட்டது, அதையும் சீராக்கினாள். வியாழக்கிழமை மாலை மாமியார் தன் வழக்கப்படியே இடைவெளி விட்டு அடித்தார்.

"சேத்துக்கிட்டாங்க!" என்று கூடத்திலிருந்து குரல் கேட்டது.

முதல் மூன்று வகுப்புகளில் மாமியார் குளத்தின் கம்பியை விடவே இல்லை. நான்காம் வகுப்புக்கு அவளும் துணைக்குப் போயிருந்தாள். அன்று, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, மாமியார் கம்பியை விட்டார்.

"அடியே! மிதக்கறேன்டி! கால் தரையில படலடி!"

அதுவரை அவளை 'டி' போட்டு அவர் கூப்பிட்டதில்லை. பெஞ்சில் இருந்தவள் துண்டைப் போட்டுவிட்டுக் குளத்தின் விளிம்புக்கு ஓடினாள்.