கூரைக்காரர் வீட்டுக் கூரை

பதினோரு வருஷமாக ஊரார் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பூட்டுகிறவருக்குத் தெரு வைத்த பெயர் கூரைக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இரும்புச் சட்டத்தைச் சாய்த்து நிறுத்தி, போல்ட்டு முடுக்கி, வயர் இழுத்து, இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறவரை அவர் கை ஓயாது. அதே நேரம் கீழே கூடத்தில், கம்பெனி முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு வீட்டுக்காரரிடம் படிவம் படிவமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார். அரசாங்க மானியம் அந்தப் படிவங்களில்தான் இருந்தது. மாடி ஏறுகிறவனுக்குக் கீழே நடப்பதை எவன் சொல்கிறான்?

அவர் மனைவி ஒரு தையல் கடையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் சின்னதாக ஓர் அறை எடுத்து, மோட்டார் மிஷின் இரண்டு போட்டு, சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எட்டு வருஷம் சேர்த்திருந்தாள். அந்தப் பணத்தைத்தான் கூரைக்காரர் கேட்டார். முதலில் நம் மாடியில் பேனல் போடுவோம், மூன்றே மாதத்தில் பாதிப் பணம் மானியமாகத் திரும்பி வரும், அதில் கடையை வை, மிச்சமாகிற கரண்ட் பில் வாடகைக்கு ஆகும் என்றார். அவள் நம்பினாள். அறைக்காரரிடம் மூன்று மாதம் தவணையும் சொல்லி வைத்தாள்.

கம்பெனி மூலம் போட்டால் முதலாளிக்குத் தண்டம் அழ வேண்டும். கையில் வேலை இருக்கிறவனுக்கு அது எதற்கு என்று, பேனலை மொத்தக் கடையில் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பூட்டினார். அவர் செய்ததிலேயே நறுவிசான வேலை அதுதான். மின் இணைப்பு மனைவி பெயரில் இருந்ததால் விண்ணப்பமும் அவள் பெயரிலேயே போனது.

பார்வையிட வந்த அதிகாரி சட்டத்தை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இவ்வளவு சுத்தமான வயரிங்கைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, யார் போட்டது என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"நான்தான் சார். வேற ஒரு ஆள் தொடல."

அதிகாரி பேனாவை மூடினார். பதிவு பெற்ற கம்பெனி பூட்டினால்தான் மானியம் என்றார்.

"வேலையில ஏதாவது குறை இருக்கா சார்?"

"ஒரு குறையும் இல்லப்பா. உன்கிட்ட பதிவு எண் இல்ல, அவ்வளவுதான்."

விஷயம் கேட்டு முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனி பில் போட்டு மறுபடி பூட்ட வேண்டும். வருகிற மானியத்தில் பாதி அவருக்கு. கூரைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் போக வேறு இடமில்லை. புது விண்ணப்பம் வரிசையில் கிடந்த ஐந்து மாதத்தில், தெருமுனை அறை ஒரு செல்போன் கடைக்குப் போய்விட்டது. மனைவி எப்போதும்போல் கூலித் தையலுக்குக் கிளம்பினாள். திட்டித் தீர்த்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பேனலைக் கழற்றிப் பூட்ட முதலாளி அனுப்பிய ஆள் கூரைக்காரரேதான். கம்பெனி சட்டை, வழக்கமான தினக்கூலி. தன் கையால் போட்டதைத் தானே பிரித்து, அதே ஓட்டைகளில் அதே போல்ட்டை முடுக்கினார். மறுநாள் வேறொரு அதிகாரி வந்தார். கோப்புக்குப் படம் வேண்டுமாம்: வீட்டுக்காரரும் பேனல் பூட்டியவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். சலவைச் சட்டையில் வந்திருந்த முதலாளி, வீட்டுக்காரராக நின்ற கூரைக்காரர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். அதுவரை அந்த மனிதர் எந்த மாடியிலும் கால் வைத்ததில்லை.

"நீ ஓரமா நில்லுப்பா. வேலை ஆளுங்க படத்துல வரக்கூடாது" என்று அதிகாரி கூரைக்காரரைப் பார்த்துக் கை காட்டினார்.

கூரைக்காரர் ஏணிப் பக்கம் ஒதுங்கினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இரண்டாவது விண்ணப்பமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் அதிகாரி.

பாதியாவது வரட்டும் என்று அவள் சிரித்தாள்.